‘தி டார்க் ரூம்’: மொழிபெயர்ப்பில் பிள்ளைகளின் செவி

மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயணின் ‘தி டார்க் ரூம்’ 1938இல் வெளிவந்தது. அக்ரஹாரம் முதலான மைசூர்த் தெருக்களின் தமிழ்க் குடும்பங்களிற்போல ஆசிரியரின் வீட்டுமொழியும் தமிழே; நாவலின் மொழியோ ஆங்கிலம்.

நவராத்திரிக் கொலுவுக்கு மகன் பாபு மின்விளக்குப் பொருத்த முயல, வீடு இருளில் ஆழ்கிறது. தந்தை ரமணி அவனை அடிக்கிறான். தாய் சாவித்திரி இருட்டறையில் சென்று முடங்குகிறாள். இதனைக் கணவன் மனைவி பூசலாக மட்டும் கொள்வது பொருந்தாது. பாபுவும் சகோதரியர் கமலாவும் சுமதியும் மொழி பயில்வது அவ்வீட்டிலேதான்.

ஆங்கிலத்தில் இருவர்க்கும் முன்னிலைப் பெயர் ஒன்றே. தமிழில் பெயர்ப்போர் கணவன் கூற்றில் ‘நீ’ என்றும் மனைவி கூற்றில் ‘நீங்கள்’ என்றும் பிரித்தாதல் வேண்டும். ‘நீ’ என்பதே வன்முறையன்று. ஆயின், கை ஓங்குமுன்பே ஏற்றத்தாழ்வு இலக்கணத்தில் அமைந்துவிடுகிறது. பிள்ளைகள் நாள்தோறும் அதனைக் கேட்கின்றனர். சொல்லால் இழிவுபடுத்துதலையும் குடும்ப வன்முறையுள் அடக்கிய 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், இவ்வுரையாடல்கள் புதிதாகப் படிக்கத்தக்கன.

இருவரையும் ‘நீ’ எனச் சமன்செய்யும் மொழிபெயர்ப்பு இக்காலத்துக்கு இசையலாம்; பிள்ளைகள் கேட்டதை அது அழித்துவிடும். வீட்டைவிட்டு வெளியேறிய சாவித்திரி அவர்களை எண்ணியே திரும்புகிறாள். அவள் திரும்பி வரும் வீட்டின் மொழி மாறவில்லை என்பதைத் தமிழ்ப் பெயர்ப்பு மறைத்தலாகாது.