பக்கவாத்தியம் இல்லாத வயலின்

ஆஸ்திரியாவில் ஹங்கேரி எல்லையோரம் லோக்கன்ஹவுஸ் என்று ஒரு சின்ன ஊர். வயலின் கலைஞர் கிடோன் கிரெமர் 1981இல் அங்கே தொடங்கிய சேம்பர் இசை விழாவுக்குக் கோட்டையும் தேவாலயமும்தான் மேடை. தனி வயலினுக்குப் பெரிய நகர அரங்குகளைவிட இப்படிப்பட்ட இடமே உகந்தது.

பாக் எழுதிய தனி வயலின் படைப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கைப்பட எழுதிய பிரதியில் 1720 என்று ஆண்டு இருக்கிறது. டி மைனர் பார்ட்டிட்டாவின் கடைசிப் பகுதியான சக்கோனில் நான்கு ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரையோ வளைவானது. நான்கு தந்திகளையும் வில் சேர்த்துப் பிடிக்காது. கீழிரண்டைத் தொட்டுவிட்டுச் சட்டென்று மேலிரண்டுக்குத் தாவ வேண்டும். விட்டுவந்த மந்தர ஸ்வரத்தைக் கல்சுவர் ஒரு கணம் தாங்கிக்கொள்ளும். மிச்சத்தை நம் காது நிரப்பிவிடும். வில் தந்தியைக் கவ்வும் சிறு உரசல்கூட முன்வரிசைக்குக் கேட்கும். எனக்கு அதுவும் சங்கீதம்தான்.

சக்கோன் முழுவதும் ஏறக்குறைய கால் மணி நேரம். நடுவில் மேஜருக்கு மாறும்போது என்ன ஒரு வெளிச்சம்! அது மறுபடி மைனருக்குத் திரும்புவதைத் தாங்கத்தான் மனம் வேண்டும்.

இதை ஒலிப்பதிவில் மட்டும் கேட்டவர்கள், ஒருமுறையாவது ஒரு சின்ன இடத்தில், வில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.