அச்சுச் செல்வமும் கலைக்கொடையும்: ஞானபீடக் குடும்பம் பற்றி ஒரு மதிப்பீடு

புரவலரைப் பாடிப் பழகிய மொழி நம்முடையது. பாரி, ஓரி, குமணன் என்று அடுக்கிச் சொல்லும்போது நம் குரலில் தானாகவே ஒரு பெருமிதம் ஏறிவிடுகிறது. ஆயினும், அந்தப் பழம்பாடல்களை ஊன்றிப் படித்தால் ஒன்று புலப்படும். புலவர்கள் கொடையைப் பாடியதோடு நிற்கவில்லை. கொடுத்த முறையையும் எடைபோட்டார்கள். காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை வேண்டாமென்று மறுத்துச் சென்ற புலவரும் உண்டு. கொடையை வாழ்த்துவது போலவே அதை மதிப்பிடுவதும் புலமையின் கடமை என்பது அவர்கள் கொள்கை.

அந்தக் கடமையை இக்காலப் புரவலர்பால் நாம் செய்திருக்கிறோமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இக்காலப் புரவலர் என்று நாம் இங்கே குறிப்பது அச்சு எந்திரத்தின் உடைமையாளரை. நாளிதழும் வார இதழும் நூலும் வெளியிட்ட செல்வக் குடும்பங்கள், அச்செல்வத்தின் ஒரு பகுதியை இலக்கியத்திற்கும் கலைக்கும் திருப்பித் தந்திருக்கின்றன. அவற்றுள் இந்திய மொழிகள் அனைத்தையும் தொட்டது சாகு ஜெயின் குடும்பம். தலைநகரில் வாழும் நம் போன்றோர்க்கு அக்குடும்பத்தின் நாளிதழ் காலைத் தேநீரோடு வருவது. அது நிறுவிய விருதின் பெயரோ தமிழிலக்கிய மேடைகளில் அடிக்கடி ஒலிப்பது.

செல்வம் வந்த வழி

உத்தரப் பிரதேசத்து நஜீபாபாத்தில் 1911இல் பிறந்தவர் சாகு சாந்தி பிரசாத் ஜெயின். தொழிலதிபர் இராமகிருஷ்ண டால்மியாவின் மகள் ரமாவை மணந்தவர். பம்பாயில் 1838இல் தோன்றிய டைம்ஸ் ஆஃப் இந்தியா நாளிதழை நடத்திவந்த பென்னட் கோல்மன் நிறுவனத்தை டால்மியா 1946இல் வாங்கினார். இரண்டே ஆண்டில், 1948இல், அது மருமகனின் கைக்கு மாறியது.

இச்செல்வத்தின் வரலாறு கறையற்றதன்று. 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் டால்மியாவின் காப்பீட்டு நிறுவனக் கணக்குகளைத் தோலுரித்துக் காட்டினார். அதையடுத்து 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையாயிற்று. டால்மியா பின்னர்ச் சிறை சென்றார். டால்மியா–ஜெயின் நிறுவனங்களை ஆராய்ந்த நீதிபதி விவியன் போஸ் ஆணையத்தின் அறிக்கையும் கடுமையாகவே இருந்தது. 1969இல் பம்பாய் உயர் நீதிமன்ற ஆணையால் பென்னட் கோல்மன் நிறுவனத்தின் இயக்குநர் குழு கலைக்கப்பட்டு, அரசின் நியமனம் பெற்றோரும் அமர்ந்த புதிய குழு வந்தது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், நிர்வாகம் குடும்பத்திடமே திரும்பியது.

இவற்றை நாம் நினைவூட்டுவது பழி தூற்றுவதற்கன்று. விழா மலர்களில் புரவலரைப் பற்றி எழுதுவோர் வாழ்த்தை மட்டும் அச்சிட்டு வரலாற்றை விழுங்கிவிடுகின்றனர். பணம் வந்த வழியைச் சொல்லாமல், போன வழியை மட்டும் புகழ்வது திறனாய்வாகாது.

முதற் கொடை: ஏடுகள்

பாரதிய ஞானபீடம் காசியில் 1944இல் நிறுவப்பட்டது. பிற்காலத்தில் விருதே அதன் முகமாகிவிட்டது. ஆனால் அதன் முதல் நோக்கம் விருதன்று. வடமொழி, பிராகிருதம், பாலி, அபபிரம்சம் ஆகிய மொழிகளில் அச்சேறாமல் கிடந்த ஏடுகளைத் தக்க அறிஞரைக் கொண்டு பதிப்பிப்பதே அதன் முதற்பணி. சாந்தி பிரசாத் தம் அன்னையின் பெயரால் மூர்த்திதேவி நூல்வரிசையைத் தொடங்கினார். சந்தையில் விலைபோகாத நூல்கள் அவை. வாங்குவோர் சிலர், படிப்போர் அதனினும் சிலர். ஆயினும் அவை வந்தன.

இந்த வரிசையில் தமிழுக்கும் ஓர் இடம் கிடைத்தது என்பதை நம்மிற் பலர் அறியோம். நீலகேசியைச் சமயதிவாகர உரையுடன் 1936இல் பதிப்பித்த அ. சக்கரவர்த்தி நயினார், குந்தகுந்தரின் சமயசாரத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் எழுத, அதை ஞானபீடம் 1950இல் காசியிலிருந்து வெளியிட்டது. தமிழிலுள்ள சமண இலக்கியம் பற்றி அவர் எழுதி 1941இல் வந்த ஆங்கில நூலையும், கே. வி. ரமேஷின் திருத்தங்களோடு 1974இல் மறுபதிப்பாகக் கொணர்ந்தது. மகாவீரர் முத்தியடைந்த 2500ஆம் ஆண்டையொட்டி அ. கோஷ் பதிப்பித்த சமணக் கலையும் கட்டடக்கலையும் பற்றிய மூன்று பெருந்தொகுதிகளில் நம் சித்தன்னவாசலும் கழுகுமலையும் உரிய இடம் பெற்றன.

இப்பணியின் அருமையை உணர வேண்டுமாயின் நம் உ. வே. சாமிநாதையரை எண்ணிப் பார்க்கலாம். சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றுவதற்குள் அவர் பட்ட பாடு நாமறிந்ததே. அதன் பொருள் விளங்காதபோது கும்பகோணத்துச் சமண அன்பர்களின் வீடு தேடிச் சென்று கேட்டறிந்தார். அச்சுக்கூலிக்காகக் கையொப்பம் சேர்த்தார். ஏடு இருந்தது, புலமை இருந்தது, இல்லாதது பணம். அந்த வெற்றிடத்தை நிரப்புவதற்கென்றே ஒரு நிறுவனத்தை அமைத்ததுதான் சாகு ஜெயின் குடும்பத்தின் தலையாய கொடை என்பது எம் கருத்து. இதற்கு விழா இல்லை; பொன்னாடை இல்லை. ஆதலால் இதைப் பாடுவாரும் இல்லை.

இரண்டாம் கொடை: விருது

சாந்தி பிரசாத்தின் ஐம்பதாம் பிறந்த நாளான 22-5-1961 அன்று குடும்பத்தினரிடையே எழுந்த எண்ணமே ஞானபீட விருதாயிற்று. அதற்கு உருக்கொடுத்தவர் ரமா ஜெயின். 1962 ஏப்ரல் 2ஆம் நாள் பல மொழி எழுத்தாளர் ஏறத்தாழ 300 பேர் தில்லியில் கூடி ஆராய்ந்தனர். அந்த அமர்வுகளுக்குத் தலைமை தாங்கிய இருவருள் ஒருவர் நம் சென்னைப் பேராசிரியர் வே. இராகவன், மற்றவர் பகவதி சரண் வர்மா. தேர்வுக் குழுவுக்குத் தலைமையேற்க இசைந்த இராசேந்திர பிரசாத் 1963 பிப்ரவரியில் மறைந்துவிட, சம்பூர்ணானந்த் அப்பொறுப்பை ஏற்றார். முதல் விருது 1965ஆம் ஆண்டுக்கு. பெற்றவர் 'ஓடக்குழல்' பாடிய மலையாளக் கவிஞர் ஜி. சங்கர குருப்.

அன்றைய பரிசுத் தொகை ஒரு லட்சம் ரூபாயாக இருந்தது. சாகித்திய அக்காதெமி தன் பரிசை 1955இல் தொடங்கியபோது தந்தது 5,000 ரூபாய். அரசு நிறுவிய அவையைவிட இருபது மடங்கு தந்தது ஒரு வணிகக் குடும்பம். எழுத்தாளன் வறுமையில் வாடுவதே இயற்கை என்று எண்ணிய நாட்டில் இத்தொகை ஒரு மனமாற்றத்தை ஏற்படுத்தியது. இந்த நன்றியை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

தமிழுக்கு முதல் ஞானபீடம் 1975இல் அகிலனின் 'சித்திரப்பாவை'க்கு வந்தது. இதில் ஒரு நயம் உண்டு. கலையையே உயிராகக் கொண்ட ஓவியன் அண்ணாமலை ஒருபுறம். பணமே பெரிதென வாழும் மாணிக்கம் மறுபுறம். இடையே அல்லலுறும் ஆனந்தி. பணம் கலையை மிதித்துச் செல்வதைக் கண்டு வெகுண்டெழுந்த நாவல் அது. அந்நாவல் தொடராக வெளிவந்ததோ ஆனந்த விகடனில். 1928இல் விகடனை விலைக்கு வாங்கி, பின்னர் ஜெமினி ஸ்டூடியோவையும் நிறுவிச் செல்வம் ஈட்டிய எஸ். எஸ். வாசனின் இதழ் அது. ஓர் அச்சுச் செல்வர் இடங்கொடுத்து வளர்த்த கதைக்கு இன்னோர் அச்சுச் செல்வர் முடிசூட்டினார். செல்வத்தைச் சாடிய நூலைச் செல்வமே பாராட்டியது பெருந்தன்மையா, அன்றி அச்சாடல் செல்வத்தைத் தொடாத அளவுக்கு மென்மையாக இருந்ததா? இரண்டும் உண்மை என்றே நமக்குத் தோன்றுகிறது. அகிலனின் நெஞ்சில் நேர்மை இருந்தது. ஆனால் அவருடைய மாணிக்கம் ஒரு தனிமனிதத் தீமையாகவே நின்றுவிடுகிறான். அவனை உருவாக்கிய அமைப்பின்மேல் நாவலின் பார்வை நெடுநேரம் தங்கவில்லை.

இவ்விருதைத் தமிழ் எழுத்துலகம் ஒருமனதாக வரவேற்கவில்லை. சுந்தர ராமசாமி கடுமையாக எழுதினார். வெகுமக்கள் இதழ்களின் வழியே புகழ்பெற்ற எழுத்தைத் தமிழின் உச்சமென்று வெளியுலகுக்குக் காட்டலாமா என்பதே சிறுபத்திரிகையாளர் எழுப்பிய கேள்வி. அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பழியை ஞானபீடத்தின்மேல் மட்டும் சுமத்துவது முறையன்று.

யார் குறை?

ஒவ்வொரு மொழிக்கும் ஓர் ஆலோசனைக் குழு. அவற்றின் பரிந்துரைகளை ஆராய ஒரு தேர்வுக் குழு. இதுவே விருதின் அமைப்பு. தேர்வுக் குழுவில் அமர்வோர் எல்லா மொழியும் கற்றவராக இருத்தல் இயலாது. எனவே, ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ எது கிடைக்கிறதோ அதுவே அவர்கள் கண்ணுக்குப் படும் தமிழ். மொழிபெயர்க்கப்படாத நூல், அக்குழுவைப் பொறுத்தமட்டில் எழுதப்படாத நூலே.

2010ஆம் ஆண்டு விருது வரையிலான கணக்கைப் பார்ப்போம். குவெம்பு முதல் சந்திரசேகர கம்பார் வரை கன்னடத்திற்கு எட்டு. சங்கர குருப் முதல் ஓ. என். வி. குருப் வரை மலையாளத்திற்கு ஐந்து, தமிழுக்கு இரண்டு. அகிலனுக்குப் பின் 2002ஆம் ஆண்டுக்குரிய விருது ஜெயகாந்தனுக்கு வரும்வரை 27 ஆண்டுகள் இடைவெளி. அவ்விடைவெளியில் தி. ஜானகிராமன் 1982இல் மறைந்தார். அவர் தில்லி வானொலியில் பணியாற்றி, நம் தெருக்களில் நடமாடியவர். அதே வாசனின் ஜெமினியில் பணிபுரிந்த அசோகமித்திரன் 2017இல் இவ்விருதின்றியே மறைந்தார். கரிசல் மண்ணின் கி. ராஜநாராயணன் 2021இல்.

விருது பெறாததால் இவர்கள் சிறியராகிவிடவில்லை. ஆனால் இவர்களை அண்டை மாநிலத்தார்க்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பு யாருடையது? கன்னடரும் மலையாளிகளும் தம் எழுத்தை ஹிந்திக்கும் ஆங்கிலத்திற்கும் கொண்டுசென்ற ஊக்கம் நம்மிடம் இருந்ததா? ஹிந்தி நன்கறிந்த தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழும் இத்தலைநகரிலிருந்துகூடத் தமிழ் நாவல்கள் போதிய அளவில் ஹிந்திக்குப் போகவில்லையெனில், அது வள்ளலின் குறையன்று. வாயிலில் நிற்கும் நம் குறை.

வழிமுறையினர்

ரமா ஜெயின் 1975இலும் சாந்தி பிரசாத் 1977இலும் மறைந்தனர். அவர்கள் காலத்தில் அந்நிறுவனத்தின் இதழ்கள் ஓர் இலக்கியக் குடும்பமாகவே விளங்கின. தர்மவீர் பாரதியின் 'தர்மயுக்', அக்ஞேய தொடங்கிவைத்த 'தினமான்', கமலேஷ்வர் நடத்திய சிறுகதை ஏடான 'சாரிகா', குழந்தைகளுக்கான 'பராக்' ஆகியவை ஹிந்தி வாசகரின் ஒரு தலைமுறையை வளர்த்தன. நம்மவர் இல்லங்களிலும் ஊரிலிருந்து தபாலில் வரும் தமிழ் வார இதழுக்கருகே தர்மயுக் கிடந்ததை மூத்தோர் நினைவுகூரக்கூடும். 1980களின் இறுதியிலும் 1990களிலும் இவை ஒவ்வொன்றாக நின்றன. ஆங்கில 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி'யும் 1993இல் நின்றது. அவை இலாபம் தரவில்லை என்பது கணக்கு. மூர்த்திதேவி வரிசையும் இலாபம் தந்ததில்லை என்பது வரலாறு.

எம் விமரிசனத்தின் மையம் இதுவே. ஆண்டுக்கொருமுறை ஒருவர்க்குத் தரும் பரிசு, விளக்கேற்றும் விழா. மாதந்தோறும் நூறு பேர்க்கு எழுத இடமளிக்கும் இதழ், அவ்விளக்குக்கு எண்ணெய். குடும்பம் விழாவைக் காத்தது, எண்ணெயை நிறுத்தியது.

எதிர்த்திசையில் ஒருவரையும் நாம் அறிவோம். இராயவரத்து நகரத்தார் வை. கோவிந்தன், கையிலிருந்த செல்வத்தோடு பதிப்புத் துறைக்குள் நுழைந்தார். 1939இல் 'சக்தி' இதழைத் தொடங்கினார். 1957இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்குத் தந்தார். செல்வத்தை இழந்து 1966இல் மறைந்தார். அவர் பெயரால் விருதுமில்லை, அறக்கட்டளையுமில்லை. சாகு ஜெயின் செல்வத்தை வைத்துக்கொண்டு கொடுத்தார். கோவிந்தன் கொடுப்பதிலேயே செல்வத்தைக் கரைத்தார். முன்னவர் கொடை நிலைத்தது, நிறுவனம் இருந்ததால். பின்னவர் கொடை பரவியது, விலை குறைந்ததால். இரண்டில் ஒன்றை மட்டும் போற்றுவது நம் நோக்கமன்று. ஆனால் முன்னவரைப் பாட மேடைகள் பல உள. பின்னவரை நினைக்க நாம் மட்டுமே உள்ளோம்.

முடிவாக

ஞானபீட விருதோடு வழங்கப்பெறும் வாக்தேவி சிலை, மாளவத்துத் தார் நகரில் கிடைத்து இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் பதினோராம் நூற்றாண்டுச் சிற்பத்தின் நகல். போஜன் வழிபட்ட கலைமகள் என்றே அது நெடுங்காலம் கருதப்பட்டது. அதன் பீடக் கல்வெட்டை ஆராய்ந்தோர், அது சமணத் தெய்வமாகிய அம்பிகையின் வடிவம் என்கின்றனர். போற்றுதல் முந்திக்கொள்ள, படித்தல் பின்தங்கியதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

விருதுகளிலும் நாம் அப்படியே இருக்கிறோம். அறிவிப்பு வந்த நாளில் மகிழ்கிறோம், அல்லது வருந்துகிறோம். நூலை எடுத்துப் படிப்பதில்லை. நம் சங்கங்கள் ஆண்டுதோறும் விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஆண்டுக்கு ஒரு தமிழ் நூலைத் தக்கவரைக் கொண்டு ஹிந்தியிலோ வங்கத்திலோ மராத்தியிலோ பெயர்த்து வெளியிடலாம். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இரு மொழியும் அறிந்தவர்கள். அப்பணிக்கு அவர்களைவிடத் தக்கவர் யார்? பெருஞ்செல்வக் குடும்பம் ஒன்று தன் அன்னையின் பெயரால் செய்ததை, ஊர்கூடி நாம் நம் மொழியின் பெயரால் செய்வதற்குச் செல்வம் தடையன்று. அடுத்த ஆண்டு மலர் வெளிவரும்போது, அதனருகே அத்தகைய நூல் ஒன்றும் வைக்கப்பட்டிருக்குமாயின், இம்மதிப்பீட்டை எழுதியதன் பயனை நாம் எய்தினோம் ஆவோம்.