பொதுச்சுவர் மரபு: வரிசை வீடுகளின் வகைகளும் இலக்கணமும்

சிப்காட் தொழிற்பேட்டை வந்த பின் ஓசூரில் வீட்டுமனைகள் பெருகின. இன்று ஊரைச் சுற்றிலும் ‘ரோ ஹவுஸ்’ விளம்பரங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய இந்த வீட்டுமுறை நமக்குப் புதிதன்று. 1878இல் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, பிராமணர் வரிசை வீட்டுத் தெருவைக் குறிக்கும் அக்ரகாரம் என்ற பெயரோடு பக்கத்திலேயே இருக்கிறது. பழைய தெருக்களின் இலக்கணத்தை அறிந்தால் புதிய தெருக்களைச் செம்மையாகக் கட்டலாம்.

தமிழர் வரிசை வீடுகளில் மூன்று வகைகள் துலக்கமானவை. முதலாவது அக்ரகாரம். காவிரிப் படுகையிலும் பாலக்காட்டுக் கல்பாத்தியிலும் குறுகிய முகப்பும் நீண்ட உள்ளும் கொண்ட வீடுகள் கோயிலையொட்டி நிற்கின்றன. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கொல்லை என ஒன்றன்பின் ஒன்றாக அமைப்பு செல்லும். இரண்டாவது நெசவாளர் தெரு. அங்கே தறிக்கு இடம் ஒதுக்கிய பிறகே குடும்பத்துக்கு இடம். பாவு நீட்டத் தெருவும் தொழிற்கூடமாகும். மூன்றாவது புதுச்சேரியின் தமிழர் பகுதி. கீழே தமிழ்த் திண்ணையும் தாழ்வாரமும், மாடியில் பிரெஞ்சுச் சாயல். அங்குள்ள வைசியாள் வீதியின் முகப்புகளை மீட்டெடுத்த பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது பெற்றது.

இங்கிலாந்தில் வரிசை வீட்டு முறையைச் சட்டம் வளர்த்தது. 1666இல் லண்டன் எரிந்தபின், மறு ஆண்டே செங்கல் அல்லது கற்சுவர் கட்டாயமானது. 1774ஆம் ஆண்டுச் சட்டம் வீடுகளைத் தரவாரியாகப் பிரித்தது. பாத் நகரின் ராயல் கிரசென்ட் (1767–1774) பிறை வடிவில் வளைந்த 30 வீடுகளின் வரிசை. முகப்பு முழுவதும் ஒன்றே. பின்புறத்தை அவரவர் விருப்பப்படி கட்டிக்கொண்டார்கள். நம் தெருக்களிலோ உள்ளமைப்பு பொது. தூணிலும் கதவிலும்தான் அவரவர் வசதி தெரியும்.

நம் இலக்கணத்தைக் கொத்தனாரும் தச்சரும் கைவழக்கில் காத்தார்கள். பக்கச் சுவர்களில் சன்னல் வைக்க முடியாது. ஆகவே நடுவீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியே வரவேண்டும். ஓட்டுக் கூரையின் நீர் தெருவிலோ முற்றத்திலோ கொல்லையிலோ விழலாம். அண்டைவீட்டின் மேல் விழலாகாது. திண்ணையும் இறவாரமும் தெரு முழுக்க ஒரே கோட்டில் ஓடவேண்டும். பொதுச்சுவரில் கைவைப்பவர் அடுத்த வீட்டாரைக் கேட்டாக வேண்டும்.

அக்ரகாரத் தெருக்கள் பலரைச் சாதியின் பெயரால் வெளியே நிறுத்தின. அந்த விலக்கு அநீதி, அது ஒழியவேண்டியதே. கட்டுமான அறிவோ எல்லோருக்கும் உரியது.

இன்றைய வரிசை வீடுகள் பலவற்றில் முற்றத்தை விழுங்கிவிட்டு ஓர் அறையைக் கூட்டுகிறார்கள். பட்டப்பகலிலும் விளக்கு எரிகிறது. சுமார் 900 மீட்டர் உயரத்தில், இதமான காற்றோடு இருக்கும் ஓசூருக்கு இது பெரிய இழப்பு. வீடு வாங்குவோர் முன்பணம் தருமுன் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: நடு அறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? கூரைநீர் எங்கே போகிறது? பொதுச்சுவரின் கனம் எவ்வளவு? இவற்றுக்கு நேரான பதில் தரும் வரைபடமே இந்த மரபின் வாரிசு.