ஓட்டுக்குள் போகாத ஆமை

நம் சினிமாவில் கூச்சம் ஒரு வியாதி. 1991ல் வந்த ‘இதயம்’ அதைச் சொல்லளவில் நிறுத்தவில்லை. காதலைச் சொல்ல வாய் வராத முரளிக்குக் கடைசியில் இதயமே கெட்டுப்போகிறது. மற்ற படங்களில் நண்பர்கள் கூடி விரட்டி வாய் திறக்க வைப்பார்கள். கூச்சப்படுகிறவனுக்கென்று ஒரு உள்வாழ்க்கை இருக்கக்கூடும் என்ற சந்தேகம் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

ஹலிதா ஷமீமின் ‘சில்லுக் கருப்பட்டி’ (2019) நான்கு கதைகள். நான்கையும் பேசப்போவதில்லை. ‘டர்டில்ஸ்’ என்ற ஒன்றுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. கல்யாணமே செய்துகொள்ளாத யசோதா (லீலா சாம்சன்), மனைவியை இழந்த நவநீதன் (ஸ்ரீராம்). இருவரும் வயதானவர்கள். இந்த வயதில் பயம், மற்றவர் மறுத்துவிடுவாரோ என்பதல்ல. இத்தனை வருஷம் பழக்கி வைத்த தனிமையை என்ன செய்வது என்பது. லீலா சாம்சன் கலாக்ஷேத்திராவில் வளர்ந்த நாட்டியக்காரர். இங்கே அபிநயத்தை முழுக்க இறக்கி வைத்துவிட்டார். ஒரு பதிலைச் சொல்லுமுன் அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் இருக்கிறதே, அதுதான் படம்.

ஆமை என்றதும் நமக்கு 126ஆம் குறள் ஞாபகம் வரும்: ஐந்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆமை. கூச்சம்தான் ஓடு என்று சுலபமாகச் சமன் போட்டுவிடலாம். ஆனால் எங்கள் செங்கல்பட்டுக் கரையில், கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை, தையிலிருந்து பங்குனி வரை ஏறி முட்டையிடுவது கடலாமை. பங்குனி ஆமை என்பார்கள். அதற்குத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள முடியாது. ஒளிய இடமில்லாமலேயே இருட்டில் மணலேறுகிறது. யசோதாவின் தயக்கம் இந்த ஜாதி.

மற்றதில் இந்தத் துணிச்சல் இல்லை. ‘காக்கா கடி’யில் ஒரு இளைஞனுக்கு விரைப் புற்றுநோய். தன் உடம்பையே கண்டு கூசும் பயம். தமிழில் யாரும் தொடாதது. அதைத் தொட்ட கையோடு படம் வேடிக்கைப் பேச்சுக்குள் நழுவிவிடுகிறது. கருப்பட்டி என்று பெயர் வைத்த தோஷத்துக்காக எல்லாமே தித்திக்க வேண்டுமா?

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சு விட வழியில்லை. கரை தேடி வருவதற்கு அவை கொடுக்கும் விலை இது. படத்தில் இந்த நாற்றம் கிடையாது. சேர்ந்த பிறகு யசோதா எதை இழப்பாள் என்ற கேள்வியும் கிடையாது. ஹலிதாவால் அதைக் கேட்டிருக்க முடியும். லீலா சாம்சனின் முகத்தில் அது பாதி கேட்கப்பட்டுத்தான் இருக்கிறது.