காவலாளி யாருக்காகப் பேசுகிறான்?

வீடியோ கேம் எழுத்து என்றதும் கதைச்சுருக்கத்தில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது: நாயகன் யார், வில்லன் யார், கடைசியில் என்ன திருப்பம். சினிமா தந்த பழக்கம். ஆனால் அத்துறைக்கே உரிய கலைச்சொற்களில் பெரும்பாலானவை ஒரே தொல்லையிலிருந்து பிறந்தவை. கதையின் ஒரு முனை ஆடுபவர் கையில் இருக்கிறது; அவர் எங்கே நிற்பார், எத்தனை முறை திரும்பி வருவார் என்று எழுதுபவருக்குத் தெரியாது.

ஒளிந்து ஆடும் விளையாட்டு ஒன்றில் காவலாளி நடந்துகொண்டே “என்னமோ சத்தம் கேட்டுச்சே” என்பான். சற்றுத் தேடிவிட்டு “எலியா இருக்கும்” என்று திரும்பிவிடுவான். தனியாக நிற்பவன் வாய்விட்டுப் பேசுவது யாருக்காக? இருட்டில் பதுங்கியிருக்கும் ஆடுபவருக்காகத்தான். முதல் வரி ‘சந்தேகம் வந்துவிட்டது’ என்ற எச்சரிக்கை. இரண்டாவது ‘தப்பித்தாய், நகரலாம்’ என்ற அனுமதி. இத்தகைய துண்டு வரிகளுக்குத் தொழிலில் ‘பார்க்’ என்று பெயர், நாய் குரைப்பதுபோல. எழுத்தாளர் இவற்றைப் பெரும்பாலும் எக்செல் தாளில் எழுதுகிறார்: ஒரு கட்டத்தில் பேசுபவர், அடுத்ததில் சூழ்நிலை, அதற்கடுத்ததில் வரி. ஒரே சத்தத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரிகளாவது வேண்டும்.

அவற்றில் ஒன்று மட்டும் பிரமாதமாக அமைந்துவிட்டால் அதுவும் ஆபத்து. 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டில், தானும் ஒருகாலத்தில் சாகசக்காரன்தான், முழங்காலில் அம்பு பட்டதோடு எல்லாம் போயிற்று என்று காவலர்கள் சொல்வார்கள். ஒருவன் சொல்லியிருந்தால் அது ஒரு வாழ்க்கை வரலாறு. ஊருக்கு ஊர் எல்லாக் காவலர்களும் அதையே சொல்ல, உலகமே சிரித்தது.

வால்வ் நிறுவனம் ‘லெஃப்ட் ஃபோர் டெட்’ வரிசையில் இதற்கு ஒரு வழி கண்டது. 2012இல் ஜிடிசி என்ற விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் அந்நிறுவனத்தின் இலான் ரஸ்கின் அதை விளக்கினார். ஒவ்வொரு வரிக்கும் நிபந்தனைகள் உண்டு: பேசுவது யார், எந்த இடம், உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம், பக்கத்தில் நிற்பது யார். அந்த நொடிக்கு எந்த வரியின் நிபந்தனைகள் அதிகம் பொருந்துகின்றனவோ அது ஒலிக்கும். எதுவும் குறிப்பாகப் பொருந்தாவிட்டால் பொதுவான வரி. இங்கே நல்ல எழுத்தாளர் என்பவர் நல்ல வசனகர்த்தா மட்டுமல்ல, எந்த நிபந்தனையைச் சேர்ப்பது என்று தெரிந்தவர். 2020இல் வந்த ‘ஹேடீஸ்’ இதன் உச்சம் என்பேன். பாதாளத்திலிருந்து தப்பிக்க முயலும் சாக்ரியஸ் செத்துச் செத்து வீடு திரும்புகிறான். வாசலில் தூங்கி வழியும் ஹிப்னாஸ், இம்முறை அவனைக் கொன்றது எது என்பதை வைத்தே பேச்செடுக்கிறான். குரல் பதிவான வரிகள் 20,000க்கும் மேல். தோல்வியே அடுத்த உரையாடலுக்கு வழி என்றாகிவிடுவதால் தோற்றவருக்கும் கோபம் வருவதில்லை.

ஆடுபவரின் தேர்வுக்கேற்பப் பிரியும் கிளைக்கதை விஷயத்தில் விளம்பரங்களை நம்பவேண்டாம். பத்து இடங்களில் இரண்டிரண்டு தேர்வுகள் தந்து எல்லாவற்றையும் தனித்தனியே வளர்த்தால் 1,024 முடிவுகள் எழுத வேண்டும். யாரால் முடியும்? அதனால் கிளைகளைப் பிரித்து, சில காட்சிகளுக்குப் பின் மீண்டும் ஒரே தண்டில் சேர்த்துவிடுகிறார்கள். வழியில் என்ன செய்தோம் என்பது பாத்திரங்களின் ஞாபகத்தில் தங்கும், அவ்வளவுதான்.

விமர்சகர்கள் அதிகம் தேய்த்த சொல் ‘லூடோநேரட்டிவ் டிஸொனன்ஸ்’. கதை ஒன்று சொல்ல, ஆட்டம் வேறொன்று சொல்லும் முரண். ‘பயோஷாக்’ விளையாட்டு வந்த 2007இலேயே, தானும் விளையாட்டு வடிவமைப்பாளரான கிளின்ட் ஹாக்கிங் இதை முன்வைத்தார். அதில் சுயநலமாக நடப்பதா என்பதை ஆட்டம் நம்மிடம் விடுகிறது. கதையோ முன்பின் தெரியாத ஒருவருக்கு உதவியே ஆகவேண்டும் என்று கையைக் கட்டுகிறது என்பது அவர் குறை. பிறகு அந்தச் சொல் எதற்கெடுத்தாலும் வீசப்பட்டது. சிரித்த முகத்தோடு நூற்றுக்கணக்கானவர்களைச் சுட்டுத்தள்ளும் ‘அன்சார்ட்டட்’ நாயகன் நேதன் டிரேக் நிரந்தர உதாரணமானான். 2016இல் வந்த நான்காம் பாகத்தில் 1,000 எதிரிகளைக் கொன்றால் கிடைக்கும் பதக்கத்துக்கு அந்தச் சொல்லையே பெயராக வைத்துவிட்டார்கள். பதிலடியாக ரசித்தேன், பதிலாக ஏற்கவில்லை.

இடமே கதை சொல்வது என்ற கருத்து கேளிக்கைப் பூங்காவிலிருந்து வந்தது. டிஸ்னி பூங்காக்களுக்கு வடிவமைத்த டான் கார்சன் 2000இல் இதை விளையாட்டுக்காரர்களுக்கு எழுதிக் காட்டினார். 2013இல் வந்த ‘கான் ஹோம்’ அதன் சுத்தமான வடிவம்: ஆளில்லாத வீடு, இழுப்பறைகள், கடிதங்கள். நம் முன் ஒருவரும் தோன்றாமலே ஒரு குடும்பம் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. சோம்பேறி வடிவமும் உண்டு. அழியப்போகும் நகரத்தில் ஆளாளுக்கு ஒலிநாடாவில் நாட்குறிப்பு பேசி, நாம் நடக்கும் வழியில் பார்த்துப் போட்டுவிட்டுச் சாவார்கள்.

நாயகனின் வாயைப் பற்றியும் இரு கட்சிகள். 1998இன் ‘ஹாஃப் லைஃப்’ நாயகன் கார்டன் ஃப்ரீமேன் ஒரு வார்த்தை பேசமாட்டான். அந்த இடத்தில் நாம் நிற்கலாம். 2019இன் ‘டிஸ்கோ எலிசியம்’ துப்பறிவாளனுக்கோ தர்க்கம், பரிவு என்று 24 திறன்களும் தலைக்குள் ஆளுக்கொரு குரலில் சண்டையிடுகின்றன. அவற்றுள் சில பொய்யும் சொல்லும். எனக்கு இரண்டாவது கட்சி.

தமிழ் வாசகருக்கு இவற்றைச் சோதித்துப் பார்க்க ‘வெண்பா’ இருக்கிறது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. டொரோண்டோவின் விசாய் கேம்ஸ் 2023இல் வெளியிட்டது, 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது பெற்றது. குடும்பத்தின் தாயான வெண்பாவிடம் இருக்கும் அவள் அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்ட படிகளை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். வெண்பாவின் சிக்கலும் ஆடுபவரின் சிக்கலும் ஒன்றாகிவிடுவதால் ஹாக்கிங் சொன்ன முரணுக்கு இங்கே இடமில்லை. உரையாடலில் மட்டும் எனக்குக் குறை. மகன் கவினிடம் எந்தப் பதிலைத் தேர்ந்தாலும் கதை தன் போக்கில் போகிறது. தேர்வே தராமல் விட்டிருந்தால் அந்தத் தாயின் இயலாமை இன்னும் அழுத்தமாகப் பதிந்திருக்கும்.