எத்தர் கூட்டத்தில் ரசிகனுக்கு ஓர் இடம்

எத்தர்களைப் பற்றிய நகைச்சுவைப் படங்களில் ஏமாறுபவர்கள் இருவர். திரைக்குள் பணப்பையோடு நிற்கும் அப்பாவியோ அயோக்கியனோ ஒருவர்; டிக்கெட் வாங்கிக்கொண்டு அரங்குக்குள் வந்தவர் இன்னொருவர். முதலாமவர் ஏமாறும்போது எல்லா ஊர் ரசிகர்களும் சிரிக்கிறார்கள். இரண்டாமவரைப் படம் எப்படி நடத்துகிறது என்பதில்தான் வரவேற்பு ஏறுவதும் இறங்குவதும்.

இந்த வகைக்கு 1973 பொற்காலம். பொருளாதார வீழ்ச்சிக் கால அமெரிக்காவைக் களமாகக் கொண்ட இரண்டு படங்கள் அந்த ஒரே ஆண்டில் வந்தன. பீட்டர் போக்தனோவிச்சின் ‘பேப்பர் மூன்’ கறுப்பு வெள்ளையில் கான்சாஸ் சாலைகளில் ஓடுகிறது. மோசஸ் பிரே மரண அறிவிப்புகளைப் படித்துவிட்டு, விதவைகளின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான்; இறந்துபோன கணவர் உங்கள் பெயர் பொறித்து ஒரு பைபிள் வாங்கச் சொல்லியிருந்தார் என்கிறான். இதைவிட ஈனமான பிழைப்பு இருக்க முடியாது. ஆனால் பார்ப்பவர்களுக்கு அவன்மேல் கோபம் வருவதில்லை. காரணம், காரில் கூடவே வரும் சிறுமி ஆடி. பணக்கார வீடென்றால் விலையை ஏற்றுகிறாள். பிள்ளைகள் நிறைந்த ஏழை வீடென்றால் பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று என்று சொல்லிவிடுகிறாள். நம் மனசாட்சியின் பாரத்தை அந்தக் குழந்தை சுமக்கிறாள். ஆடியாக நடித்த டேட்டம் ஓ’நீல் பத்து வயதில் ஆஸ்கர் வாங்கினார்.

ஜார்ஜ் ராய் ஹில் இயக்கிய ‘தி ஸ்டிங்’ ஏழு ஆஸ்கர்களை அள்ளியது. அதில் ஏமாறுபவன் கொலைகாரத் தாதா லோனகன் என்பதால் இரக்கத்துக்கு வேலையில்லை. இறுதியில் எத்தர்களாக நடித்த நியூமனும் ரெட்ஃபோர்டும் சுடப்பட்டு இரத்தத்தில் சாய்கிறார்கள். லோனகனை வெளியே இழுத்துப் போனதும் எழுந்து சிரிக்கிறார்கள். ரசிகனும் சேர்ந்தே ஏமாந்தான். ஆனாலும் அவனுக்குச் சந்தோஷம்தான். லோனகனுக்காக அமைத்த பந்தயக் கூடம் போலி, அங்கே சூதாடுகிறவர்களெல்லாம் கூலி ஆட்கள் என்பது அவனுக்கு முன்பே தெரியும். கூட்டத்தில் ஒருவனாகவே அவன் உட்கார்ந்திருந்தான். மறைத்து வைத்த ஒன்றிரண்டையும் சில நிமிடங்களில் அவன் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

ரியான் ஜான்சனின் ‘தி பிரதர்ஸ் ப்ளூம்’ தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு. 2008இல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டு, அடுத்த ஆண்டு அமெரிக்க அரங்குகளுக்கு வந்த படம். செலவு ஏறத்தாழ 2 கோடி டாலர். உலகம் முழுவதும் வசூல் 60 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கதை என்னவோ எவரையும் இழுக்கக்கூடியது. அண்ணன் ஸ்டீபன் மோசடிகளை நாவல்போல எழுதுகிறான்; தம்பி ப்ளூம் அவற்றில் நடிக்கிறான். கடைசி ஆட்டமாக, மாளிகையில் தனியே கிடக்கும் பெனலோப்பி என்ற பணக்காரப் பெண்ணைக் கப்பலேற்றி கிரீஸ், பிராக், மெக்சிகோ என்று இழுத்துக்கொண்டு அலைகிறார்கள். அவளோ பொழுதுபோகாமல் வித்தைகளாகக் கற்று வைத்திருப்பவள். தர்ப்பூசணியில் கேமரா செய்வாள். அதிகம் வாய் திறந்து பேசாத வெடிகுண்டு நிபுணி பாங் பாங் வேறு. தொடக்கத்தில் கதை சொல்லும் குரல் ரிக்கி ஜேயுடையது. நிஜத்திலேயே சீட்டுக்கட்டு வித்தைக்காரர், எத்தர்களின் வரலாற்றைத் தோண்டி எழுதியவர்.

விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ரேச்சல் வைஸின் பெனலோப்பியைக் கொண்டாடியவர்கள் ஒருபுறம். தொப்பிகளும் பழைய கப்பலும் செல்லக் கிறுக்குத்தனங்களும் திகட்டுகின்றன என்றவர்கள் மறுபுறம். திகட்டல் என்ற புகாரை நான் அவ்வளவாக நம்பவில்லை. அதே கிறுக்குத்தனத்தை இயக்குநர் வெஸ் ஆண்டர்சனிடம் வாங்கிக்கொள்ளும் ரசிகர்கள்தானே இவர்கள்? சிக்கல் முடிவில் இருக்கிறது. (படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம்.)

ஸ்டீபன் சுடப்படுகிறான். எல்லாம் நாடகம் என்பதுபோல் சிரித்துத் தம்பியை அனுப்பிவைக்கிறான். போகிற வழியில்தான் ப்ளூம் தன் சட்டையிலுள்ள கறையைப் பார்க்கிறான்: சிவப்பு பழுப்பாகிவிட்டது. சாயம் பழுப்பாகாது; இரத்தம்தான் ஆகும். அருமையான யோசனை. ஆனால் ‘ஸ்டிங்’ பார்த்த தலைமுறைகளுக்குத் திரையில் எத்தன் சிந்தும் இரத்தமெல்லாம் சாயம்தான். இந்தப் படமும் இரண்டு மணி நேரம் அதையே பழக்கிவிட்டு, கடைசியில் அழச் சொல்கிறது. சிலர் அழுதார்கள். இன்னும் ஒரு திருப்பம் பாக்கி இருக்கும் என்று காத்திருந்தவர்கள், விளக்கு எரிந்ததும் எரிச்சலோடு எழுந்து போனார்கள்.

இந்த எரிச்சல் சினிமாவைவிட மூத்தது. ஹெர்மன் மெல்வில் 1857 ஏப்ரல் 1 அன்று, ஆம், முட்டாள்கள் தினத்தன்றே, ‘தி கான்ஃபிடன்ஸ் மேன்’ நாவலை வெளியிட்டார். மிசிசிப்பி நீராவிக் கப்பலில் வேடம் மாற்றி மாற்றி ஏய்க்கும் ஒருவனின் கதை. எவன் எத்தன், எவன் நல்லவன் என்று வாசகனுக்குக் கடைசிவரை உறுதியாவதில்லை. புத்தகம் விலைபோகவில்லை, அதன்பின் மெல்வில் உயிரோடிருந்தவரை வேறு நாவல் வெளியிடவில்லை.

ஜான்சன் பாடம் படித்திருக்க வேண்டும். 2019இல் ‘நைவ்ஸ் அவுட்’ என்ற மர்மப் படத்தை எடுத்தபோது, கிழவர் எப்படிச் செத்தார் என்பதைப் பாதிப் படத்துக்கு முன்பே காட்டி, நர்ஸ் மார்த்தாவின் பக்கத்தில் நம்மை உட்காரவைத்துவிட்டார். அங்கிருந்தபடியே நாம் மறுபடி ஏமாறுகிறோம், மகிழ்ச்சியாக. வசூல் 30 கோடி டாலரைத் தாண்டியது.

நம் பக்கம் திரும்பினால், இந்தியில் ‘பன்ட்டி அவுர் பப்ளி’ (2005) தாஜ்மகாலையே விற்றுக் காட்டியது. தாஜ்மகாலை விற்றதாகச் சொல்லப்படும் நிஜ எத்தன் நட்வர்லால் பற்றிய கதைகளைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு அது சொந்த ஊர்ச் சிரிப்பு. நீரஜ் பாண்டேயின் ‘ஸ்பெஷல் 26’ (2013), 1987இல் பம்பாய் நகைக்கடையில் போலி சிபிஐ நடத்திய சோதனையிலிருந்து பிறந்தது. அதன் நாயகன் தன் செயலுக்குப் பெரிதாக நியாயம் பேசுவதில்லை. அதே கதை தமிழில் ‘தானா சேர்ந்த கூட்டம்’ (2018) ஆனபோது லஞ்சம், நண்பனின் சாவு, வேலையில்லாக் கோபம் எல்லாம் சேர்ந்துவிட்டன. திருடனுக்குக் காரணம் இல்லாவிட்டால் நம் ரசிகர்கள் ஏற்கமாட்டார்கள் என்ற பயம்.

அந்தப் பயம் தேவையில்லை என்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தது எச். வினோத்தின் ‘சதுரங்க வேட்டை’ (2014). நட்டி நடித்த காந்தி பாபு மண்ணுள்ளிப் பாம்பு விற்கிறான், எம்எல்எம் மேடையில் முழங்குகிறான், அரிசியை இழுக்குமாம் என்று ‘ரைஸ் புல்லிங்’ கலசம் காட்டுகிறான். எல்லாம் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் வந்த மோசடிகள். பாம்புக்கோ கலசத்துக்கோ பணம் கட்டிய சித்தப்பா ஒருவர் பல குடும்பங்களில் உண்டு. ஆகவே ரசிகன் இரண்டு இடத்தில் உட்கார்ந்தான்: காந்தி பாபுவின் கூட்டாளியாக மேடையில், பணம் கட்டியவனாகக் கீழே. சிரிப்பில் ஒரு கூச்சம் இருந்தது.

காதலும் மனமாற்றமுமாகப் போகும் இரண்டாம் பாதி தொய்கிறது என்ற பேச்சு அப்போதே உண்டு. தொய்வு உண்மைதான். ஆனாலும் அதை வெட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘ஸ்டிங்’கில் லோனகன் திரும்பி வருவதேயில்லை. இங்கே பழைய கணக்கு காந்தி பாபுவைத் தேடி அவன் வீடுவரை வருகிறது. பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்கும் ஒரு முகம் இருக்கிறது.