பெட்ரோமாக்ஸின் பெயரில் இல்லாத ஊர்

1984இல் வந்த ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தின் பெட்ரோமாக்ஸ் காமெடியைப் பார்க்காத தமிழர் அநேகமாக இருக்க மாட்டார். கவுண்டமணி விளக்கு வாடகைக்கு விடுகிறவர். இந்தத் துக்கடா வலைப்பையிலிருந்து எப்படி வெளிச்சம் வரும் என்று செந்தில் சந்தேகம் கேட்கிறார், கேட்டுக்கொண்டே மேண்டிலை நசுக்கிவிடுகிறார். நாற்பது வருஷமா சிரிச்சிட்டு இருக்கோம். காட்சியின் மேல் எனக்கு ஒரே ஒரு புகார்தான்: செந்தில் கேட்டது அருமையான கேள்வி, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பதில் இதுதான். மேண்டில் என்பது உலோக நைட்ரேட்டுகளில் ஊறவைத்த துணி. முதல்முறை பற்றவைக்கும்போது துணி எரிந்துபோய், அதன் வடிவத்தில் ஆக்ஸைடு சாம்பல் மட்டும் தொங்கும். செந்தில் தொட்டதும் உதிர்ந்தது அதனால்தான், அவர் கையில் பிழை இல்லை. அந்தச் சாம்பலில் ஏறத்தாழ 99 சதவீதம் தோரியம், 1 சதவீதம் சீரியம். தோரியம் ஆக்ஸைடு சுமார் 3,300 டிகிரி செல்சியஸ் வரை உருகாது, ஆனால் தனியாக வைத்துச் சூடேற்றினால் மங்கலாகத்தான் ஒளிரும். அந்த ஒரு சதவீத சீரியம் சேர்ந்தால்தான் கண்ணைக் கூசும் வெள்ளை. சீரியத்தைக் கூட்டினாலும் மறுபடி மங்கிவிடும். ஆஸ்திரியாக்காரரான ஔவர் வோன் வெல்ஸ்பாக் 1885இல் வேறு கலவையோடு காப்புரிமை எடுத்தார். அந்த விளக்கு பச்சையடித்தது, வியாபாரம் படுத்தது. 1891இல்தான் இந்த விகிதம் பிடிபட்டது. என் வேலையில் ஒரு கான்ஃபிக் எண்ணை மாற்றிமாற்றிப் பார்த்து ராத்திரி இரண்டு மணிக்கு ஓடவைக்கிறோமே, அந்த ஜாதி வேலை. ஆறு வருஷம் பிடித்திருக்கிறது.

இப்போது கம்பெனிக்கு வருவோம். பெர்லினின் எஹ்ரிஷ் அண்ட் கிரேட்ஸ் 1866இல் விளக்குத் தொழிற்சாலையாகத் தொடங்கியது. நிறுவனர்களில் ஒருவரின் மகன் மாக்ஸ் கிரேட்ஸ். 1910 வாக்கில் மண்ணெண்ணெயைக் கைப்பம்பால் அழுத்தி, ஆவியாக்கி, மேண்டிலுக்குள் எரிக்கும் விளக்கை உருவாக்கினார்கள். பெட்ரோலியம் முன்னால், மாக்ஸ் பின்னால்: பெட்ரோமாக்ஸ். நம்ம ஊரில் எந்த கம்பெனி அழுத்த விளக்கையும் அந்தப் பேரால்தான் கூப்பிட்டார்கள். ஒரு ஜெர்மானியரின் செல்லப்பெயரை அவர் யாரென்றே தெரியாமல் கள்ளக்குறிச்சிச் சந்தையில் உச்சரித்துக்கொண்டிருந்தோம்.

விளக்கு நிறுவனங்களின் வரலாறுகள் எனக்குப் பிடிக்கும், ஆனால் அவை ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு மேதை, ஒரு காப்புரிமை, ஒரு தொழிற்சாலைப் புகைப்படம், பிறகு மாடல் எண்கள். கிரேட்ஸின் கதையில் இரண்டாம் உலகப் போரின்போது பெர்லின் ஆலையில் கட்டாய உழைப்பாளர்கள் வேலை வாங்கப்பட்ட பகுதியை வரலாற்றாய்வாளர்கள்தான் எழுத வேண்டியிருந்தது. அதைவிடவும் சத்தமில்லாமல் விடுபடுவது, அந்த 99 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பது.

மணவாளக்குறிச்சியிலிருந்து வந்தது. முழுக்க இல்லை. முதலில் பிரேசில், அமெரிக்காவின் கரோலினா பகுதிகள். அந்தச் சந்தை பெரும்பாலும் ஜெர்மன் கையில் இருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து வந்த தேங்காய்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுகொண்டார். கயிறு வாங்கியவருக்குக் கழிவாகத் தெரிந்திருக்கக்கூடிய மணல்! அவரே வந்து மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை போட்டார். 1914இல் போர் வந்ததும் ஜெர்மானியர் சிறைக்குப் போனார், மணல் பிரிட்டிஷ் கைக்குப் போனது. ஐரோப்பியத் தெருக்களின் எரிவாயு விளக்குகள் நம் கடற்கரையை எரித்துத்தான் வெளிச்சம் போட்டன என்று சொன்னால் கவிதை மாதிரி இருக்கும். ஆனா அது சரக்குப் பட்டியல்.

பிற்பாடு அதே தோரியத்துக்கு அணுசக்தி மதிப்பு வந்தது. 1940களின் பிற்பகுதியில் மோனசைட் ஏற்றுமதி தடுக்கப்பட்டது, 1950இல் இந்திய அருமணல் நிறுவனம் உருவானது, 1965இல் மணவாளக்குறிச்சி ஆலை அதன் கைக்கு வந்தது. டிராம்பேயில் பிரித்தெடுத்த தோரியம் நைட்ரேட் உள்நாட்டு மேண்டில் செய்கிறவர்களுக்கும் போனது. ஆக, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் எரிந்த விளக்கின் மேண்டிலில் கன்னியாகுமரி மணல் இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மணல் தமிழ்நாட்டின் ஒரு முனையில், விளக்கு இன்னொரு முனையில், இரண்டையும் இணைக்கும் பெயர் மட்டும் பெர்லினில்.

எங்கள் பக்கம் இந்த விளக்கை யார் சுமந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். ஊர்வலத்தின் இரண்டு ஓரத்திலும் தலையில் விளக்கோடு நடந்தவர்கள் மாப்பிள்ளை வீட்டாரும் இல்லை, பெண் வீட்டாரும் இல்லை, கூலிக்கு வந்தவர்கள். வெளிச்சம் மேலே நடுவில் இருக்கிறவர்கள்மேல் விழும், சுமக்கிற முகம் விளக்கின் அடியிருட்டில் போய்விடும். பழைய கல்யாணப் படங்களில் இதைப் பார்க்கலாம். கவுண்டமணி காட்சியில் விளக்குக் கடைக்காரர் இருக்கிறார், வாடகைக்குக் கேட்டு வருகிறவரும் இருக்கிறார், சுமக்கிறவர் இல்லை. நகைச்சுவைக்கு அது குறையென்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு காட்சியையே நம் விளக்கு வரலாறாக வைத்துக்கொண்டிருப்பதுதான் உறுத்துகிறது.

இன்னொரு இடத்தில் பெட்ரோமாக்ஸ் உண்மையிலேயே ஒரு கலையை மாற்றியது: தெருக்கூத்து. பந்தத்தின் வெளிச்சம் ஆடும், முகத்தில் நிழல்கள் ஓடும். அரிதாரத்தின் கனத்த சிவப்பும், கட்டை வேஷத்தின் புஜங்களில் பதித்த கண்ணாடித் துண்டுகளும் அந்த ஆட்டத்துக்கென்றே பிறந்தவை போல இருக்கும். பெட்ரோமாக்ஸ் வந்து வெளிச்சத்தை நிறுத்தி வைத்தது. கூத்தின் வீழ்ச்சி அங்கே தொடங்கியது என்று சொல்லும் ரசனைக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிலையான வெளிச்சத்தில்தான் கடைசி வரிசைக்காரனுக்குக் கண்ணசைவு தெரியும். காற்றடிக்கக் காற்றடிக்க ஏறும், நேரமாக ஆகச் சோரும் அந்த விளக்குக்கு ஒரு மூச்சு இருந்தது. அதன் சீறலுக்கு மேலே குரல் எடுக்க வேண்டியிருந்தது. நடுவில் யாராவது எழுந்துபோய்ப் பம்ப் அடிக்க வேண்டும், அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான். கலையைக் கெடுத்தது என்று யாரையாவது பிடிக்க வேண்டுமென்றால் நான் டியூப்லைட்டைப் பிடிப்பேன். அந்தத் தட்டை வெளிச்சத்தில் துரியோதனன் ரேஷன் கடை வரிசையில் நிற்பவன் போலத் தெரிகிறான்.

கடந்த முறை உளுந்தூர்பேட்டைப் பக்கம் பாரதக் கூத்து பார்த்தபோது எல்லாம் எல்.ஈ.டி. ஃபோகஸ். வெள்ளை எல்.ஈ.டி. உண்மையில் வெள்ளை இல்லை. உள்ளே இருப்பது நீலம், மேலே பூசிய மஞ்சள் தூள் அதில் ஒரு பங்கை மாற்றி, கலந்து நம் கண்ணை வெள்ளை என்று நம்பவைக்கிறது. நீல டயோடுக்கு 2014இல் நோபல் கொடுத்தார்கள். மஞ்சள் தூளில் வேலை செய்வது, மறுபடியும், சிறிதளவு சீரியம். மோனசைட்டிலிருந்து எடுக்கிற அதே சீரியம். செந்தில் நசுக்கிய சாம்பலின் ஒரு சதவீதம் நூறு வருஷம் கழித்து வேறு சட்டை போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறது.

இந்த வரிசையில் எந்த விளக்கின் அட்டைப்பெட்டியிலும் கடற்கரையின் பெயர் இருந்ததில்லை. மென்பொருளில்கூட நாங்கள் யார் எழுதிய நூலகத்தை எடுத்தோமோ அவர் பெயரை உரிமக் கோப்பில் வைத்தே ஆக வேண்டும், படிக்க ஆள் இல்லாவிட்டாலும். மணலுக்கு அப்படி ஒரு கோப்பு இல்லை. 2024இல் கிள்ளியூர் வட்டத்தில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகக் கடற்கரை ஊர்கள் திரண்டபோது, அந்த மணலால் என்ன செய்வார்கள் என்று அலுவலகத்தில் பக்கத்து சீட்காரர் கேட்டார். மேலே தலைக்கு நேராக எரிந்துகொண்டிருந்த பேனல் லைட்டைக் காட்டினேன்.